'பாஸ் அவுட்' என்றால் பட்டம் பெறுவதா, மயங்கி விழுவதா?

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என நம் ஊர்களில் பல குடும்பங்களில் ஒருவராவது வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறார். அடுத்துப் புறப்படக் காத்திருக்கும் நம் பிள்ளைகளின் பயோடேட்டாவில் அடிக்கடி காணும் வாசகம் இது: "ஐ பாஸ்டு அவுட் ஃப்ரம் அண்ணாமலை யுனிவர்சிட்டி இன் 2022."

1929-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பெருமைக்குரியது. 'பாஸ்டு அவுட்' என்ற சொல்லைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆங்கில வினைச்சொல்லோடு அவுட், அவே, ஆன் போன்ற சிறு சொல் சேர்ந்தால் பொருளே மாறிவிடும். இதை ஃப்ரேசல் வெர்ப் என்பார்கள். தமிழில் 'காட்டு' வேறு, 'காட்டிக்கொடு' வேறு அல்லவா? அதுபோலத்தான்.

பாஸ் அவுட்: இதன் முதல் பொருள் மயங்கி விழுதல். போதையில் நினைவிழந்து கிடப்பதையும் இப்படித்தான் சொல்வார்கள். ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கும் இச்சொல் உண்டு. சென்னை பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்தில் நடக்கும் 'பாஸிங் அவுட் பரேட்' அப்படி வந்த பெயர். கல்லூரிப் படிப்பை முடிப்பதற்குச் சொல்வது நம் நாட்டு வழக்கு. இங்குள்ள கம்பெனிகளுக்குப் புரியும். வெளிநாட்டு அதிகாரி வேறு விதமாக நினைக்கக்கூடும்.

எனவே பட்டதாரிகள் "ஐ கிராஜுவேட்டட் ஃப்ரம் அண்ணாமலை யுனிவர்சிட்டி இன் 2022" என்று எழுதட்டும். டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்கள் "ஐ கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ" என்று எழுதலாம். தேர்வில் தேறியதைச் சொல்ல 'அவுட்' வேண்டாம்; "ஐ பாஸ்டு தி எக்ஸாம்" போதும்.

பாஸ் அவே: வஃபாத் ஆவதை மரியாதையாகச் சொல்லும் சொல். இங்கே ஒரு சொல் மாறினாலும் விபரீதம். ஊரில் வாப்பா மயங்கி விழுந்து மருத்துவமனையில் இருக்கிறார். மகன் லீவு கேட்டு மேலாளருக்கு அனுப்பும் செய்தியில் 'பாஸ்டு அவே' என்று எழுதிவிட்டால், உயிரோடு இருப்பவருக்கு இரங்கல் வந்து சேரும். மாறாக, வஃபாத் செய்தியை 'பாஸ்டு அவுட்' என்று எழுதினால், சாதாரண மயக்கம்தானே என்று லீவு தராமல் போகலாம். ஜனாஸாவுக்கு வந்து சேர முடியாது.

பாஸ் ஆன்: ஒருவரிடம் பெற்றதை அடுத்தவரிடம் சேர்ப்பித்தல். "ப்ளீஸ் பாஸ் ஆன் மை சலாம் டு யுவர் ஃபாதர்" என்றால், 'உங்கள் வாப்பாவுக்கு என் சலாத்தைச் சொல்லுங்கள்' என்று பொருள். சில இடங்களில் இதுவும் இறப்பைக் குறிக்கும். அந்தச் செய்திக்கு 'பாஸ்டு அவே' என்பதே தெளிவானது.

வீட்டில் பயோடேட்டா தயாராக இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். 'பாஸ்டு அவுட்' என்று இருந்தால் மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.