ஆட்டக்காரர்களுக்கான ஓட்ட வேகப் பயிற்சி

முதல் சில எட்டுகள்

கால்பந்து, ஹாக்கி, கிரிக்கெட் போன்ற குழு ஆட்டங்களில் முழு வேக ஓட்டம் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டருக்குள் முடிந்துவிடும். கிரிக்கெட்டில் ஒரு ரன்னுக்குக் கிரீஸிலிருந்து கிரீஸ் வரையுள்ள தூரமே 17.68 மீட்டர்தான். 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த உசைன் போல்ட், உச்ச வேகத்தைத் தொட்டது 60 மீட்டரைத் தாண்டிய பிறகு. ஆட்டக்காரருக்கு அத்தனை தூரம் கிடைப்பது அரிது. கிளம்பும் வேகமே அவருக்கு முதல் தேவை.

கிளம்பும்போது இடுப்பு மடங்காமல் உடல் முழுவதும் முன்னே சாய்ந்திருக்க வேண்டும். கால் தரையைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். அந்த எட்டுகளில் பாதம் தரையில் இருப்பது சுமார் 0.2 விநாடி. அதற்குள் பலமாக உந்தத் தொடையிலும் புட்டத்திலும் வலு வேண்டும். ஸ்குவாட், தாவல், எடையை இழுத்துக்கொண்டு ஓடுதல் ஆகியவை அதற்கு உதவும்.

ஓய்வும் பயிற்சியே

பல மைதானங்களில் வேகப் பயிற்சி என்று நடப்பது மூச்சிரைக்க ரவுண்டு ஓடவிடுவதுதான். தாங்குதிறனுக்கு அது நல்லது. வேகம் அதனால் கூடாது. முழு வேகத்தின் முதல் சில விநாடிகளுக்குத் தசைக்குள் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்தான் முக்கிய எரிபொருள். அது தீர்ந்தால் ஏறக்குறைய முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். நிரம்புவதற்குள் மறுபடி ஓடுபவர், மெதுவாக ஓடித்தான் பழகுகிறார்.

ஆகவே 20 மீட்டர் ஓடியவர் நடந்தே திரும்பி, இரண்டு நிமிடமாவது சும்மா நிற்க வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சோம்பலாகத் தோன்றலாம், தோன்றட்டும். வார்ம்-அப் முடிந்த கையோடு, கால் களைக்கும் முன், இப்படி ஆறு முதல் பத்து ஓட்டம். வாரத்தில் இரண்டு நாள், நடுவே 48 மணி நேர இடைவெளி. ஸ்டாப்வாட்சில் நேரம் கூடத் தொடங்கினால் அன்றைக்கு அத்துடன் போதும்.

பின்தொடைக்குக் காப்பு

வேக ஓட்டத்தில் அதிகம் அடிபடுவது ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசை. ஐரோப்பியத் தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புகளில் நடந்த நீண்டகால ஆய்வில், 2001-02 பருவத்தில் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த ஹாம்ஸ்ட்ரிங் காயம் 2021-22-இல் 24 விழுக்காடானது. முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், நீண்ட நிலையிலேயே அந்தத் தசை காலை இழுத்துப் பிடிக்கிறது. பெரும்பாலும் அப்போதுதான் கிழிகிறது.

நீளும்போதே பிடிக்கும் வலுவைத் தருவது நார்டிக் பயிற்சி. முழங்காலிட்டவரின் கணுக்கால்களை ஒருவர் அழுத்திப் பிடிக்க, அவர் உடலை நேராக வைத்தபடி முடிந்தவரை மெதுவாக முன்னே சரிந்து, கையை ஊன்றிக்கொள்வார். முதல் வாரத்தில் ஒரு நாள், ஐந்து முறை வீதம் இரண்டு செட் போதும். அதற்கே மறுநாள் தொடை வலிக்கும்.

பல வாரங்கள் முழு வேகத்தில் ஓடாமலிருந்து நேரே போட்டியில் பாய்வதும் ஆபத்து. ஓடும்போது பின்தொடை சுரீரென்று பிடித்தால் உடனே நிறுத்த வேண்டும். முதல் சில நாள் எண்ணெய் போட்டு அழுத்தி நீவக் கூடாது. பயிற்சியில் வலியின்றி முழு வேகத்தில் ஓட முடிந்த பிறகே, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நாளில் போட்டிக்குத் திரும்பலாம்.