பெயரில்லாத பட்டன்

டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிய பென் டிரைவைச் செருகிக் கணினியை இயக்கினால், முதல் பட்டியல் வந்ததும் 'பீப்' என்று ஓர் ஒலி கேட்கும். அந்த ஒலி பார்வையற்றவருக்கானது. எஸ் விசையைத் தட்டி என்டர் கொடுத்தால், நிறுவும் வேலை முழுவதையும் கணினி வாய்விட்டுச் சொல்லும். கண் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

நிறுவி முடித்தபின், க்னோம் என்ற திரைச்சூழலில் ஆல்ட், எஸ், விண்டோஸ் படம் போட்ட விசை மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர்கா என்ற திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பணியாற்றிய மார்க் முல்காகி இதைத் தொடங்கினார், அவரும் பார்வையற்றவரே. 2006இல் இது க்னோமின் அங்கமாயிற்று.

திரைவாசிப்பான் என்று சொன்னாலும் ஆர்கா திரையைப் பார்ப்பதே இல்லை. இயங்கும் மென்பொருளிடம் கேட்கிறது: இப்போது எதன்மேல் நிற்கிறோம்? அதன் பெயர் என்ன? பட்டனா, பெட்டியா? டிக் செய்திருக்கிறதா? கிடைத்த பதிலை ஈஸ்பீக் போன்ற பேச்சுப்பொறி ஒலியாக்குகிறது. ஈஸ்பீக்குக்குத் தமிழும் தெரியும். பிரெய்ல் கருவி இணைத்திருந்தால் அதே பதில் விரல்நுனியில் புள்ளிகளாக எழும்பும்.

ஆகவே மென்பொருள் பதில் சொல்லாவிட்டால் ஆர்காவும் ஊமைதான். அழகான படம் வரைந்து, பெயர் வைக்காமல் விட்ட பட்டனை அது வெறுமனே "பட்டன்" என்றுதான் சொல்லும். அது சேமிக்குமா, அழிக்குமா? கேட்பவர் எப்படி அறிவார்!

பொருளறிந்து பேசுவதன் அருமையை 1995லேயே காட்டியவர் புனேயில் பிறந்த டி.வி. ராமன். கிளாக்கோமாவால் பதினான்கு வயதில் பார்வை இழந்தவர். அவர் எழுதிய ஈமேக்ஸ்பீக் என்ற பேசும் மென்பொருள், நாட்காட்டியில் '15' என்ற எண்ணை மட்டும் படித்துவிட்டு நிற்காது; கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் சேர்த்துச் சொல்லும்.

இந்த உழைப்பு எப்போதும் சிலர் தோளிலேயே நின்றிருக்கிறது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிள் கைக்குப் போனபின் அங்கே ஆர்காவை உருவாக்கிவந்த குழு கலைந்தது. ஜோன்மேரி டிக்ஸ் ஆர்காவைத் தொடர்ந்து காத்தார். பிறகு, லினக்ஸில் திரையையும் விசைகளையும் மென்பொருள்களோடு இணைக்கும் புதிய ஏற்பாடாக வேலேண்ட் வந்தது. ஒரு மென்பொருளின் விசைத்தட்டலை இன்னொன்று ஒட்டுக்கேட்க அது விடாது. பாதுகாப்புக்கு நல்லதுதான், ஆனால் விசைகளைக் கவனித்தே வாழும் ஆர்காவுக்கு அது பெரிய இடி. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48இல்தான் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது.

மென்பொருள் எழுதும் தமிழ் இளைஞர்களே, வெளியிடுமுன் ஒருமுறை ஆர்காவை இயக்கி, மானிட்டரை அணைத்துவிட்டு, நீங்கள் செய்ததை நீங்களே பயன்படுத்திப் பாருங்கள்.