சாவி இல்லாத பூட்டு

"புது பைக்கின் நம்பர் பிளேட் எடுப்பாகவே இல்லை. கழற்றிவிட்டு, ஸ்டிக்கர் கடையில் ஸ்டைலாக எழுதி மாட்டிக்கொள்ளலாமா?" என்று இலஞ்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்.

கழற்ற வராது, தம்பி. பின்பக்க பிளேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு ‘ஸ்நாப் லாக்’குகளை உற்றுப் பாருங்கள். திருப்புளி வைக்கப் பள்ளம் இருக்காது. ஒருமுறை அமுக்கினால் அதோடு சரி. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்ததை மறுபடி மாட்ட முடியாது. 2019 ஏப்ரல் 1 முதல் வரும் புது வண்டிகளுக்கெல்லாம் இந்த பிளேட் கட்டாயம்.

அதன் இடது மூலையில் மேலே அசோகச் சக்கர ஹாலோகிராம். கீழே, லேசரில் பொறித்த பத்து இலக்கக் குறியீடு. எங்கள் அம்மாவின் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும். சுரண்டினால் பெயர் போகும், சுரண்டிய தடம் போகாது. அந்தக் குறியீட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாத்திரங்கள்தான் நினைவுக்கு வரும்.

எழுத்துக்கும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கணக்கு உண்டு. காருக்கு 65 மில்லிமீட்டர் உயரம், 10 கனம், 10 இடைவெளி. 8055-ஐ வளைத்து ‘பாஸ்’ ஆக்கினால் முதல் தடவை 500 ரூபாய், அடுத்து 1,500. பிளேட்டில் ஸ்டிக்கர் ஒட்டியவர்களுக்கும் இதே அபராதம்தான் என்று 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் களமிறங்கியது. வேறு வண்டியின் எண்ணை மாட்டிக்கொண்டால் அபராதத்தோடு முடியாது. போலி ஆவண வழக்கானால் பாரதிய நியாய சன்ஹிதா 336(2) பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை.

அபராதத்தை விட எனக்கு உறுத்துவது வேறு. போன சீசனில் ஐந்தருவி ரோட்டில் மங்குஸ்தான் விற்கும் ஓர் அக்காவை ஒரு பைக் தட்டிவிட்டுப் போய்விட்டது. சாரல் நேரம். பிளேட்டை மேல்பக்கமாக மடக்கி வைத்திருந்ததில் ‘டிஎன் 76’ மட்டும்தான் கண்ணில் பட்டது. தென்காசி வண்டி, அவ்வளவுதான் தெரியும். சிதறிய பழங்களை ஒற்றைக் கையால் பொறுக்கினார். மற்ற கையில் கட்டோடு அந்த சீசன் முழுக்க வியாபாரம் பார்த்தார். வண்டி உங்களுடையதாக இருக்கலாம். அந்த எண் அந்த அக்காவுக்காக எழுதியது.

பிளேட் உடைந்தால் வண்டி வாங்கிய டீலரிடம் போங்கள். திருடு போனால் முதலில் போலீசில் புகார் கொடுங்கள். சாரலில் சேறு அடித்திருந்தால், வண்டியை எடுக்கும் முன் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், தம்பி.