சாதிப் பிளவுடைய சமூகத்தில் அரசியலமைப்பு மாற்றம்: ஊராட்சி இட ஒதுக்கீடு குறித்த பெண்ணிய நோக்கு

முன்னுரை

பிளவுற்ற சமூகங்களில் அரசியலமைப்பு மாற்றப்படும்போது அதிகாரம் பெரும்பாலும் குழுக்களுக்கிடையே பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு குழுவினுள்ளும் வாழும் பெண்கள் எக்கணக்கில் இடம்பெறுவர் என்பது பெண்ணிய நோக்கு எழுப்பும் முதன்மை வினா. 1998ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அமைந்த வட அயர்லாந்துச் சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் ஒன்றியவாதியர், தேசியவாதியர், பிறர் என மூவகையாகப் பதிவு செய்யப்பட்டனர். இரு தரப்புப் பெண்களும் இணைந்து தோற்றுவித்த மகளிர் கூட்டணி ‘பிறர்’ என்னும் வகையில் இடம்பெற்றது. தமிழ்நாட்டில் இத்தகைய பிளவிற்கு அடிப்படையாக அமைவது சாதி. இங்கு 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பெண்களுக்கு வழங்கிய இடத்தின் தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

விடுதலைக்கு முந்தைய விவாதம்

1930இல் நடைபெற்ற முதல் வட்டமேசை மாநாட்டில் ராதாபாய் சுப்பராயனும் பேகம் ஷா நவாசும் பெண்களுக்குக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒதுக்கீடு வேண்டினர். அகில இந்திய மகளிர் அமைப்புகளோ 1931இல் ஒதுக்கீட்டை மறுத்து, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரின. 1932ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பு பெண்களுக்கான இடங்களையும் மத அடிப்படையில் பிரித்தது. இதனால் ஒதுக்கீடு என்பதே பெண்களைப் பிளவுபடுத்தும் கருவி என்ற ஐயம் வலுப்பெற்றது. அரசியலமைப்பு நிர்ணய மன்றத்தில் ரேணுகா ராய் பெண்களுக்கான ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசினார். அம்மன்றத்தின் ஒரே தலித் பெண் உறுப்பினரும் சென்னை மாகாணத்திலிருந்து தேர்வானவருமான தாட்சாயணி வேலாயுதன் தனித்தொகுதி முறையை எதிர்த்தார். எனினும் சட்டம் வழங்கும் சமத்துவம் சமூகத்தில் தானே நிலைபெறும் என்ற நம்பிக்கை பின்னர் நிறைவேறவில்லை.

உறுப்பு 243ஈ: இரட்டைக் கணக்கு

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம் சாதியையும் பாலினத்தையும் ஒருங்கே கருத்தில் கொண்டது. 30 இடங்கள் கொண்ட ஓர் ஊராட்சி அமைப்பில் பட்டியல் சாதியினர் 30 விழுக்காடு எனக் கொண்டால், அவர்களுக்கு 9 இடங்கள் உரியன. அவற்றுள் குறைந்தது 3 இடங்கள் அச்சாதிப் பெண்களுக்கு உரியன. மொத்தத்தில் பெண்களுக்குரிய 10 இடங்களுள் இந்த 3 இடங்களும் அடங்கும். ‘பெண்’ என்பது ஒருபடித்தான வகைமை அன்று என்பதை அரசியலமைப்பு இவ்வாறு ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடு 2016இல் பெண்களின் பங்கை 50 விழுக்காடாக உயர்த்தியது.

பதவியும் அதிகாரமும்

உறுப்பு 243ஈ உறுப்பினர் இடங்களையும் தலைவர் பதவிகளையும் ஒதுக்குகிறது. துணைத்தலைவர் பதவி குறித்து அது எதுவும் கூறவில்லை. ஆனால் தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் காசோலைகளில் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து கையொப்பமிடல் வேண்டும். தலைவர் தலித் பெண்ணாகவும் துணைத்தலைவர் ஆதிக்கச் சாதி ஆணாகவும் அமையுமிடத்து, கையொப்பம் மறுக்கப்படின் குடிநீர்ப் பணியும் தெருவிளக்குச் செலவும் தடைப்படும். ஒதுக்கீடு வழங்கிய அதிகாரத்தை நிதிநடைமுறை திரும்பப் பெற்றுக்கொள்ள இது வழிவகுக்கிறது. அரியலூர் மாவட்டத்தை அடுத்துள்ள கடலூர் மாவட்டத்தின் தெற்குத்திட்டையில் 2020இல் தலித் பெண் தலைவர் ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டமை வெளிவந்து வழக்கும் பதிவாயிற்று. இருக்கை மறுப்பு புலப்படும் தீண்டாமை. அதற்கு உறுப்பு 17உம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உள்ளன. கையொப்ப மறுப்போ அலுவல் நடைமுறை என்ற தோற்றத்தில் மறைந்து நிற்கிறது. எனவே அதனை மெய்ப்பித்தல் கடினம்.

முடிவுரை

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கும் 2023ஆம் ஆண்டு 106ஆம் திருத்தமும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு உள் ஒதுக்கீடு செய்கிறது. பிற பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண்கள் குறித்த வினாவை விடையின்றி விடுகிறது. ஊராட்சி அனுபவம் இதனினும் அடிப்படையான ஒன்றை உணர்த்துகிறது. இடங்களின் எண்ணிக்கையைத் திருத்துவதோடு அரசியலமைப்பு மாற்றம் நிறைவுறுவதில்லை. நிதி, கையொப்பம், கூட்ட நடைமுறை ஆகியவற்றை வகுக்கும் கீழ்நிலை விதிகளும் அதே சமத்துவ நோக்கில் திருத்தப்படும்போதே ஒதுக்கப்பட்ட இடம் ஆளும் இடமாகும்.