2 மணி நேரம், 540 கிலோமீட்டர்

பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு கட்டுக்குள் நிற்காவிட்டால், தாயின் உயிரைப் பறிக்க அதற்கு 2 மணி நேரம் போதும். கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடல்வழி சுமார் 540 கி.மீ. மணிக்கு 12 கடல்மைல் ஓடும் கப்பல் எங்கும் நிற்காமல் வந்தாலும் 24 மணி நேரம் ஆகும். ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் வானிலை இடம் கொடுக்க வேண்டும். ஆகவே இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், துணை சுகாதார நிலையத்துச் செவிலியரின் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரில் 3,80,581 பேர். பரப்பு 8,249 சதுர கி.மீ. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 46 பேர்; தமிழ்நாட்டில் 555. மக்களில் நூற்றுக்கு 15 பேருக்குத் தமிழே தாய்மொழி. இலங்கையிலிருந்து திரும்பி வந்து கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்களும் இதில் சேர்த்தி. ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 11 பிறப்பு என்று கொண்டால் ஆண்டுக்கு 4,200 பிரசவம்.

ஆள்கணக்கு எங்கே பொய்த்துப்போகும் என்பதற்கு லிட்டில் அந்தமானின் டுகாங் க்ரீக் சாட்சி. பழங்குடிப் பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது அரசு விதி. 2011-இல் அங்கே வாழும் ஓங்கி பழங்குடியினர் மொத்தமே 101 பேர். அவர்களிடையே 2001 முதல் பணியாற்றிய துணைச் செவிலியர் சாந்தி தெரசா லக்ரா, 2004 சுனாமி குடியிருப்பை அழித்த பிறகும் அவர்களோடே தங்கினார். 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். 101 பேருக்கு ஒரு செவிலியரா என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அங்கே ஒரு தாய் இறந்தால் ஓர் இனத்தில் நூற்றில் ஒருவர் போய்விடுகிறார்.

இனி ஆய்வுகள். 2023-இல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவின் 80 மருத்துவமனைகளில் 2,10,132 தாய்மாரிடம் நடந்தது. அளவுக்கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து, வடியும் உதிரத்தை அளந்தார்கள். அளவு மீறியதும் கருப்பையைப் பிசைந்துவிடுதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சிரைவழித் திரவம், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். பழைய முறையில், நிகழ்ந்த உதிரப்போக்கில் 51 விழுக்காடுதான் கண்டுபிடிக்கப்பட்டது. புதிய முறையில் 93. கடும் உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் மூன்றும் சேர்த்து ஆயிரத்துக்கு 43-இலிருந்து 16 ஆனது.

ஆனால் அது மருத்துவமனைக் கணக்கு. தீவுக்கு இன்னும் நெருக்கமானது நம் கர்நாடகத்தின் பெல்காமில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வு என்பது என் கருத்து. 1,620 தாய்மார், வீட்டிலும் துணை நிலையத்திலும் பிரசவம், பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர், துணைச் செவிலியர்கள். குழந்தை பிறந்ததும் கருப்பையைச் சுருக்கும் மிசோபிரோஸ்டால் 600 மைக்ரோகிராம், அதாவது 200 மைக்ரோகிராம் மாத்திரை மூன்று. உதிரப்போக்கு 12 விழுக்காட்டிலிருந்து 6.4 ஆகக் குறைந்தது. 18 தாய்மாருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு உதிரப்போக்கு தவிர்க்கப்படும்: 54 மாத்திரை. குளிர்பெட்டி வேண்டாம். அளவு விரிப்பும் அங்கே அப்போதே பயன்பட்டது. கண்ணால் மதிப்பிட்டால் விரிப்பின் அளவைவிட 33 விழுக்காடு குறைவாகத் தெரிகிறது என்று அதே காலத்தில் இன்னொரு ஆய்வு காட்டியது.

இதற்கு வழக்கமாகப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் தீவில் அது லேசான காரியமில்லை. அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் ஊசி 30 டிகிரியிலும் கெடாது. இந்தியா உள்ளிட்ட 10 நாடுகளில் 29,645 பெண்களிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில் 500 மி.லி. அல்லது அதற்கு மேல் உதிரம் இழந்தோரும் கருப்பையைச் சுருக்கும் மருந்து கூடுதலாகத் தேவைப்பட்டோரும் சேர்ந்து கார்பெட்டோசினில் 14.5 விழுக்காடு, ஆக்ஸிடோசினில் 14.4. ஏறத்தாழ சமம். ஏழை நாடுகளின் அரசுகளுக்குப் பேசிய விலை ஊசிக்கு 0.31 டாலர், சுமார் 27 ரூபாய். 4,200 பிரசவத்துக்கு 1,13,400 ரூபாய். கப்பல் கூலி, பயிற்சி, சம்பளம் இதில் இல்லை. அவற்றைச் சேர்த்தாலும் ஒரு தீவுக்கூட்டத்தின் தாய்மார் அனைவருக்கும் இது பெரிய தொகை அல்ல.

உதிரம் வடியும்போது ஒவ்வொரு 15 நிமிடத் தாமதமும் டிரானெக்ஸாமிக் அமிலத்தின் பயனில் சுமார் 10 விழுக்காட்டைத் தின்றுவிடுகிறது. 3 மணி நேரத்துக்குப் பின் பயனே இல்லை. மருந்து போர்ட் பிளேரில் இருந்தால் கேம்ப்பெல் பே தாய்க்கு அது இல்லாததற்குச் சமம்.

பேறுகால இறப்பு விகித அறிக்கையில் அந்தமானுக்குத் தனி எண் வருவதில்லை. பிறப்புகள் அவ்வளவு குறைவு. அதனால் தீவு நிர்வாகம் விகிதத்துக்குக் காத்திருக்காமல், எந்தத் துணை நிலையத்தில் எத்தனை விரிப்பு, எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை இருப்பு, பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர் என்று தீவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அங்கே உறவினர் இருப்பவர்கள் ஏழாம் மாதத்திலேயே சிஸ்டரிடம் கேளுங்கள்: உங்களிடம் அளவு விரிப்பு இருக்கிறதா?