வகுப்பறையில் பேசும் கைகள்

மாலை ஆறரை மணி. மாதுங்கா ரெயில் நிலையம். ஒரு பிளாட்பாரத்தில் ஒரு பையன். எதிர்ப் பிளாட்பாரத்தில் அவனுடைய நண்பன். ஒலிபெருக்கி அலறுகிறது, விரைவு வண்டி இரைந்துகொண்டு போகிறது. பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே நாம் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. அந்த இருவரோ சத்தமே இல்லாமல் பேசிக்கொண்டார்கள். கைகள் அசைந்தன; புருவங்கள் உயர்ந்தன. ஒருவன் சிரித்தான். மற்றவன் அடிப்பது போல் கையை ஓங்கினான்.

இருவருக்கும் காது கேட்காது. ரெயில் நிலையத்தில் நம்மைவிட நன்றாகப் பேசிக்கொள்ளும் இந்தப் பிள்ளைகள், வகுப்பறைக்குள் போனதும் என்ன ஆகிறார்கள்?

இந்தக் கேள்வியோடு, தாராவியில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணியைச் சந்தித்தோம். பள்ளிகளில் சைகைமொழி பெயர்ப்பாளராக வேலை பார்க்கிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஐந்து வயதில் தொடங்கிய வேலை

"எனக்கு முதல் மொழி சைகைதான் சார். தமிழ் இரண்டாவது" என்று பேச்சைத் தொடங்கினார்.

அவருடைய பெற்றோர் இருவருக்கும் காது கேட்காது. அப்பா நெல்லைச் சீமைக்காரர். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட காது கேளாதோர் பள்ளியில் படித்துவிட்டு, தையல் தொழிலோடு மும்பை வந்தவர். ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் ஐந்து வயது மகள்தான் அவருக்கு வாய். பிற்பாடு அந்தப் பெண் இரண்டாண்டு டிப்ளமா படித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

"வாத்தியார் பக்கத்தில் நின்று கையை ஆட்டுவதுதானே என்று நினைக்கிறார்கள். தமிழுக்கு இலக்கணம் இருப்பது போல் சைகைக்கும் இருக்கிறது. 'நீ எங்கே போகிறாய்?' என்பதில் 'எங்கே' கடைசியில் வரும். புருவமும் சேர்ந்து கேள்வி கேட்க வேண்டும். நேற்றா, நாளையா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாத்தியார் சொல்வதைக் காதில் வாங்கி, மனசில் பிரித்து, கையில் கோக்க வேண்டும். அரை மணி நேரத்தில் மூளை களைத்துவிடும். இரண்டு பேர் மாறி மாறிச் செய்வதுதான் முறை. பள்ளிக்கூடத்தில் ஒருவரைப் போடுவதே பெரிய காரியம்" என்றார்.

கை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வேலைக்குப் போகும்போது பூப்போட்ட சேலை கட்டுவதில்லை, வளையல் போடுவதில்லை.

கரண்டு போனால் பாடமும் போச்சு

ஐந்தாம் வகுப்பு வரை காது கேளாதோர் பள்ளியில் படித்து, பிறகு சாதாரணப் பள்ளிக்கு வந்த ஒரு தமிழ்ப் பையனுக்கு இவர் பெயர்ப்பாளராகப் போனார். முதல் நாள் கணக்கு ஆசிரியர், "இவனுக்குப் புரிகிறதா?" என்று இவரைக் கேட்டார்.

"அந்தக் கேள்வியை அப்படியே பையனுக்குக் கையால் சொன்னேன். அவன் 'புரியவில்லை' என்றான். ஆசிரியர் திகைத்துப் போனார். அதுவரை யாரும் அவனிடமே கேட்டதில்லை."

போர்டைப் பார்த்தால் கையைப் பார்க்க முடியாது. கையைப் பார்த்தால் நோட்டில் எழுத முடியாது. ஆசிரியர் எழுதிவிட்டுச் சற்றே நிறுத்தினால் போதும். மழைக்காலத்தில் கரண்டு போனால் மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் தொடர்ந்து காதில் விழும். இவனுக்கு அத்தோடு நின்றுவிடும். ஜன்னலோரம் இடம் மாற்றிக் கொடுத்த பிறகுதான் நிலைமை சரியானது.

ஒரு பரீட்சையில் கேள்வியைச் சைகையில் சொல்லி முடித்ததும், பையன் மெல்ல விடையைக் கேட்டான். இவர் சொல்லவில்லை. நாற்பதுக்குப் பதினொன்றுதான் வந்தது. ஒரு வாரம் இவர் முகத்தையே அவன் பார்க்கவில்லை.

"எனக்கும் வருத்தம்தான் சார். ஆனால் நான் கொடுத்திருந்தால் அது என் மார்க்கு. அவனுக்கு என்ன தெரியும் என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்."

அடுத்த பரீட்சையில் பத்தொன்பது வாங்கினான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகை கூடாது, வாய்ப்பேச்சுதான் வேண்டும் என்று முடிவு செய்தது. 2010-ல் வான்கூவர் மாநாடு அந்த முடிவைத் தள்ளுபடி செய்து வருத்தமும் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள். "சைகை பழகினால் பேச்சு வராது" என்று இன்றும் பெற்றோரைப் பயமுறுத்துவது அந்தக் காலத்தின் மிச்சம்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, நம் நாட்டில் காது கேளாமைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களை நியமிக்கச் சொல்கிறது. இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்குக்கும் இடம் தருகிறது. 2021-ல் வந்த இந்திய சைகைமொழி அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10 ஆயிரம் சொற்கள் உண்டு. சட்டமும் அகராதியும் வந்துவிட்டன. பெரும்பாலான பள்ளிகளுக்குப் பெயர்ப்பாளர்தான் இன்னும் வரவில்லை.

வீட்டில் யார் பேசுவது?

பெயர்ப்பாளர் வந்தாலும் பள்ளி மணி அடித்ததும் போய்விடுவார். பிறகு?

நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி அல்லது ஆங்கிலம். காது உள்ள பிள்ளை எல்லாவற்றையும் கேட்டே பிடித்துக்கொள்கிறது. காது கேளாத பிள்ளைக்கு இதில் எதுவும் தானாக வந்து சேராது. அதற்குக் கண்ணால் காணும் ஒரு மொழியைச் சின்ன வயதிலேயே கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பையனின் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். "சாப்பிடு", "தூங்கு", "கூடாது" — மகனோடு அவருக்கு இருந்த பேச்சு இவ்வளவுதான். பெயர்ப்பாளரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சைகை கற்றுக்கொண்டார். ஒரு நாள் இரவு மகன், பள்ளியில் நடந்த சண்டையை ஒரு மணி நேரம் கைகளால் விவரித்தானாம்.

"இவ்வளவு பேச்சையும் பதின்மூன்று வருஷமாக உள்ளேயே வைத்திருந்திருக்கிறானே அம்மா" என்று அந்தத் தாய் அழுதார் என்கிறார் பெயர்ப்பாளர்.

காது கேளாத குழந்தை உள்ள தமிழ்க் குடும்பங்கள் பாந்திராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனத்துக்கு ஒருமுறை போய் வரலாம். 1983-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வேலை தேடும் நம் இளைஞர்கள், சைகைமொழி பெயர்ப்பு டிப்ளமா பற்றியும் அங்கே விசாரிக்கலாம்.