பெண் யானைகளின் சிநேகிதம்



சாம்பல்தீவில் பழைய ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் "அவ இப்ப எங்க?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். 1990 இல் ஊர் இடம்பெயர்ந்தபோது ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் திக்குத் திக்காகச் சிதறினார்கள். திரும்பி வந்து குடியேறியவர்களை 2004 மார்கழியில் கடற்கோள் மீண்டும் கலைத்தது. இன்று ஆபத்து அவசரத்துக்கு ஓடி வருபவர் பலருக்கும் முகாமில் அறிமுகமான ஒருவர்தான். அப்படியானால் பழைய சிநேகிதத்தை நாங்கள் விட்டுவிட்டோமா?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் உடவளவை யானைகளைப் பற்றி வாசிக்கக் கிடைத்தது. யானை என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது அழிந்த தோட்டமும் இரவு வெடியும்தான். ஆனாலும் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நாட்டின் தெற்கே, உடவளவை நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு 1972 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஷெர்மின் டி சில்வா என்ற இலங்கைப் பெண் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்கே வளர்ந்த பெண் யானைகள் 286 ஐ இருபது மாதங்கள் பின்தொடர்ந்தார்கள். காதின் கிழிசல், வாலின் மயிர் போன்ற அடையாளங்களை வைத்து ஒவ்வொன்றையும் இனங்கண்டு, எது எதனோடு நிற்கிறது என்று குறித்தார்கள். 2011 இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

கிழவி யானை முன்னே, மகள்மாரும் பேத்திமாரும் பின்னே, அதே கூட்டம் சாகும்வரை சேர்ந்து நடக்கும் என்றுதான் படித்திருக்கிறோம். அது பெரும்பாலும் ஆபிரிக்க யானைகளைப் பார்த்துச் சொன்னது. உடவளவையில் கண்டது வேறு. இன்று கூட நிற்பது நாளை நிற்காது. பருவம் மாறத் துணையும் மாறும். ஆறில் ஒரு பங்கு யானைகள் தங்களுக்கு மிக நெருக்கமான ஐந்து தோழிகளையும் அந்த இருபது மாதத்துக்குள் முற்றாக மாற்றியிருந்தன.

பிரிந்துவிட்டன என்றுதான் முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் நீண்டகாலம் பார்த்தபோது, விலகிப் போனவை பல திரும்பவும் பழைய தோழிகளிடமே வந்து சேர்ந்தன. யானைக்கு மோப்பம் உண்டு. மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் தொலைவிலிருந்தே கூப்பிடவும் தெரியும். ஆகவே கண்ணில் படும் மூன்று நான்கு யானைகள், பரந்து கிடக்கும் ஒரு பெரிய சுற்றத்தின் சிறு துண்டுதான்.

இன்னொன்றும் கண்டார்கள். தோழிகள் குறைந்த யானைகள் அந்தச் சிலரை இறுகப் பிடித்துக்கொண்டன. தோழிகள் நிறைந்தவை மாற்றி மாற்றிப் பழகின. எங்கள் ஒழுங்கையிலும் இரண்டு வகை ஆட்களும் இருக்கிறார்கள்தானே!

இவை எல்லாம் மழையும் வெயிலும் செய்த மாற்றங்கள். ஒரே நாளில் எல்லாம் அழிந்தால் என்னவாகும்? அதற்குக் கடல் கடந்து ஒரு கதை இருக்கிறது. 1938 இல் இந்தியாவிலிருந்து நானூறு குரங்குகள் வரையில் கப்பலில் கொண்டுபோய், புவேர்ட்டோ ரிக்கோவை அடுத்த காயோ சாந்தியாகோ என்ற சிறு தீவில் விட்டார்கள். அவற்றின் சந்ததி இன்றும் அங்கே வாழ்கிறது. 2017 புரட்டாதியில் மரியா சூறாவளி அந்தத் தீவின் மரங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது.

பயந்த குரங்குகள் தங்கள் பழைய கூட்டாளிகளை இன்னும் இறுக அணைத்துக்கொள்ளும் என்றுதான் நானும் நினைத்திருப்பேன். 2021 இல் வெளியான ஆய்வு சொன்னது வேறு. அவை புதியவர்களோடு சேர்ந்தன. அதிலும் சூறாவளிக்கு முன் ஒதுங்கித் தனித்திருந்தவையே கூடுதலாக உறவு தேடின. எங்கே தேடின தெரியுமா? பெரும்பாலும் கூட்டாளியின் கூட்டாளியிடம்.

மரம் போனதால் அந்தத் தீவில் வெயில் கொளுத்தியது, நிழல் அரிதானது. முன்பு கிட்ட வந்தால் சீறித் துரத்திய குரங்குகள் இருந்த கொஞ்ச நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரத் தொடங்கின. 2024 இல் வந்த தொடர் ஆய்வின்படி, அப்படி மற்றவர்களைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்த குரங்குகளே கூடுதலாக உயிர் தப்பியிருக்கின்றன.